ஆறு எழுத்துப் பூட்டு

ஞாயிற்றுக்கிழமை காலை செஞ்சிக் கறிக்கடைகளில் ஏழு மணிக்குள் போய் நின்றுவிட வேண்டும். கொஞ்சம் தாமதித்தால் ஈரல் தீர்ந்துவிடும். முந்தின நாள்வரை ராஜகிரி அடிவாரத்தில் காய்ந்த புல்லும் வேலிக்காத்தான் நெற்றும் மேய்ந்த வெள்ளாடு அங்கே உறுப்பு உறுப்பாகப் பிரிந்து கிடக்கும். ஒரு தட்டில் கருஞ்சிவப்பாக, ஈர மினுமினுப்போடு ஈரல். பக்கத்தில், விரல் பட்டாலே குழைகிற வெளிறிய மூளை. ஓர் அலுமினியக் குண்டானில் உறைந்த ரத்தம். கேட்பவர்களுக்குக் கத்தியால் கட்டம் கட்டமாக அறுத்துப் போடுவார்கள். கொக்கியில் தொடை.

இருபது வருடங்களுக்கு மேலாக உயிரியல் சொல்லிக்கொடுப்பவன் நான். பிளஸ் டூ வகுப்பில் ஒருநாள் ஒரு மாணவன் எழுந்தான். வீட்டில் ஆடு வளர்ப்பவர்கள். "சார், உடம்புல எல்லா செல்லுலயும் ஒரே டி.என்.ஏ.தான்னு சொல்றீங்க. அப்ப ஈரல் ஏன் சார் மூளையா ஆவல?"

"ஈரலுக்குத் தேவையான மரபணு மட்டும் அங்கே வேலை செய்யும். மற்றதெல்லாம் சும்மா கிடக்கும்" என்று சொல்லி உட்காரவைத்தேன். அந்த பதிலின் முதல் வாக்கியம் சரி. இரண்டாவது வாக்கியம் தப்பு. மற்ற மரபணுக்கள் சும்மா கிடப்பதில்லை. அவற்றில் பலவற்றைச் செல் பிடித்து அடக்கி வைத்திருக்கிறது. அப்படிப் பிடித்து வைப்பதற்கென்றே டி.என்.ஏ.வில் தனியாக இடங்கள் எழுதப்பட்டிருக்கின்றன. அவனுக்குச் சொல்லாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன்.

செஞ்சிக்காரனுக்கு இதைப் புரிந்துகொள்ள ஒரு வசதி உண்டு. செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை சுமார் 800 அடி உயரம். வாசல் வாசலாகக் கடந்து, மூச்சு வாங்க ஏறிப் போனால், உச்சிக்குச் சற்று முன்னால் மலையே பிளந்து கிடக்கும். ஏறக்குறைய 24 அடி அகலம், 60 அடி ஆழம். அந்தப் பிளவின் மேல் ஒரு பாலம். பாலம் இருக்கும்வரை உச்சிக்கோட்டை ஊரோடு சேர்ந்தது. பாலத்தை எடுத்துவிட்டால் தனி உலகம். 1690இல் முகலாயப் படை வந்து வளைத்துக்கொண்டது. உள்ளே மராட்டிய மன்னர் ராஜாராம். 1698 வரை இழுத்தது அந்த முற்றுகை. கோட்டைக் கதவு மூடியிருந்தது என்று வரலாற்றில் ஒரு வரியில் எழுதிவிடலாம். மூடியே வைத்திருக்க எத்தனை காவல், எத்தனை தானியம், எத்தனை இரவு விழிப்பு வேண்டியிருந்திருக்கும்! மூடியிருப்பது ஒரு வேலை. செல்லுக்குள்ளும் அப்படித்தான்.

மனித டி.என்.ஏ. சுமார் 300 கோடி எழுத்து நீளம். ஆட்டுக்கும் ஏறத்தாழ அதே அளவு. ஏ, டி, ஜி, சி என்ற நான்கே எழுத்துகள் மாறி மாறி வருகின்றன. இதில் புரதம் செய்யும் குறிப்பு, அதாவது நாம் வழக்கமாக மரபணு என்று சொல்லும்போது மனதில் வைத்திருப்பது, இரண்டு சதவீதத்துக்கும் குறைவு. மனிதனுக்கு அப்படிச் சுமார் 20,000 மரபணுக்கள். மிச்சம் இருக்கும் பெரும்பரப்பில் எல்லாமே பயனுள்ளவை என்று சொல்ல முடியாது. ஆனால் எந்த மரபணு, எந்தச் செல்லில், எந்த வயதில், எவ்வளவு வேலை செய்யலாம் என்ற கட்டளைகள் அங்கேதான் சிதறிக் கிடக்கின்றன. சில பகுதிகள் மரபணுவைத் தூண்டிவிடும். அவற்றுக்கு என்ஹான்சர் என்று பெயர். சில பகுதிகள் அடக்கும். அவற்றுக்கு சைலன்சர் என்று பெயர். பைக்கில் இருக்கும் அதே சொல். 1985இல் ஈஸ்ட் செல்லில் இப்படி ஒரு பகுதியைக் கண்டு எழுதிய ஆய்வாளர்கள் வைத்த பெயர் அது. விலங்குச் செல்களிலும் பிறகு ஒவ்வொன்றாகத் தென்பட்டன. ஆனாலும் தூண்டும் பகுதிகள் அளவுக்கு அடக்கும் பகுதிகளை உலகம் தேடவில்லை. விளக்கு எரிந்தால் எதனால் எரிகிறது என்று கேட்கத் தோன்றும். இருட்டாக இருந்தால் யாருக்கும் கேள்வி வருவதில்லை.

சைலன்சர் தானாக எதையும் செய்யாது. அது வெறும் எழுத்து வரிசை. அந்த வரிசையை விரலால் தடவி அடையாளம் காண்பதுபோலக் கண்டுகொண்டு வந்து உட்காரும் புரதங்கள் உண்டு. உட்கார்ந்ததும் அவை தம் கூட்டாளிகளை வரவழைக்கும். வருகிறவர்களின் வேலை என்ன என்பதைப் பார்க்க, டி.என்.ஏ. எப்படி மடித்து வைக்கப்பட்டிருக்கிறது என்று தெரிய வேண்டும். ஒரே செல்லில் இருக்கும் டி.என்.ஏ.வை நீட்டினால் இரண்டு மீட்டர். அது ஹிஸ்டோன் என்ற புரத உருளைகளில், ஆரணித் தறிக்குப் போகும் தாரில் பட்டு இழையைச் சுற்றியதுபோலச் சுற்றப்பட்டிருக்கிறது. ஓர் உருளைக்கு 147 எழுத்து, ஒன்றேமுக்கால் சுற்று. உருளைகளில் அசிட்டைல் என்ற சிறு வேதிக்குறி ஒட்டியிருந்தால் சுற்று தளர்வாக இருக்கும்; மரபணுவைப் படிக்கும் இயந்திரம் உள்ளே நுழையலாம். சைலன்சரில் உட்கார்ந்த புரதம் கூப்பிட்டு வரும் நொதிகள் அந்தக் குறிகளைக் கொத்தி எடுத்துவிடும். சுற்று இறுகும். வேறு சில நொதிகள் மெத்தில் என்ற வேறு குறியை ஒட்டிவிட்டுப் போகும். அதைப் பார்த்து இன்னும் சில புரதங்கள் வந்து மேலும் இறுக்கும்.

இப்போது கறிக்கடைத் தட்டுக்கு வரலாம். நரம்புச் செல்லில் மின்துடிப்பு ஓட சோடியம் வாயில்கள் வேண்டும். அந்த வாயில்களைச் செய்யும் மரபணு ஈரல் செல்லிலும் இருக்கிறது, ஒரு எழுத்து குறையாமல். அதன் பக்கத்தில் 21 எழுத்து நீளமுள்ள ஒரு சைலன்சர் இருக்கிறது. அதைக் கண்டுபிடித்து உட்காரும் புரதத்தை 1995இல் அமெரிக்காவில் இரண்டு குழுக்கள் ஒரே சமயத்தில் பிடித்தன. ரெஸ்ட் என்பது அதன் பெயர். ஈரல், தோல், சிறுநீரகம் என்று நரம்பல்லாத செல்களில் இந்த ரெஸ்ட் நிறைய இருக்கிறது. மூளைக்குரிய நூற்றுக்கணக்கான மரபணுக்களின் மேல் அமர்ந்து அடக்கி வைத்திருக்கிறது. கரு வளரும்போது நரம்புச் செல்லாக மாறப்போகும் செல்லில் ரெஸ்ட் குறைகிறது. அடங்கியிருந்த மரபணுக்கள் பேசத் தொடங்குகின்றன. ரெஸ்ட் மரபணுவையே நீக்கிவிட்ட எலிக்குஞ்சுகள் பிறக்கவே இல்லை, கருவிலேயே இறந்துபோயின. ஈரல் ஏன் மூளையாக ஆகவில்லை என்ற கேள்விக்கு என் மாணவனிடம் நான் சொல்லியிருக்க வேண்டிய பதிலின் ஒரு பாதி இது. ஈரலுக்குரியதைச் செய்யச் சொன்னது ஒரு கட்டளை. மூளைக்குரியதைச் செய்யாதே என்று தடுத்தது தனிக் கட்டளை.

அடக்கும் முறைகள் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. சிடி4 என்ற பெயர் எச்.ஐ.வி. சிகிச்சை எடுப்பவர்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். நோய் எதிர்ப்பு எந்த அளவில் இருக்கிறது என்று பார்க்க அந்த எண்ணிக்கையை எடுப்பார்கள். நோய் எதிர்ப்புச் செல்களில் ஒரு வகையின் மேற்பரப்பில் இருக்கும் புரதம் அது. இந்தச் செல்கள் மார்புக்கூட்டுக்குள் இருக்கும் தைமஸ் சுரப்பியில் பயிற்சி பெறும்போது, தாக்கிக் கொல்லும் வகையாக மாறப்போகிறவை சிடி4 மரபணுவை அணைத்துவிட வேண்டும். அணைக்கும் சைலன்சர் அந்த மரபணுவின் உள்ளேயே இருக்கிறது. 2001இல் ஆய்வாளர்கள் எலிகளில் ஒரு சோதனை செய்தார்கள். மரபணு அணைந்து, செல் முதிர்ந்தபிறகு, சைலன்சரை வெட்டி எடுத்துவிட்டார்கள். மரபணு மறுபடி எழும் என்றுதான் நினைக்கத் தோன்றும். எழவில்லை. செல் பிரிந்து பிரிந்து பெருகியபோதும் அணைந்தே இருந்தது. பூட்டு விழுந்தபிறகு பூட்டியவர் போய்விட்டாலும் பூட்டு நிற்கிறது. தாய்ச்செல்லிடமிருந்து மகள்செல்லுக்கு அந்த மௌனம் கைமாறுகிறது. இந்த விஷயத்தைப் பாடமெடுக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு உடம்பு சிலிர்க்கும். எழுத்தில் ஒன்றும் மாறவில்லை. இருந்தும் செல்லுக்கு நினைவிருக்கிறது.

அந்த நினைவைக் காக்கும் புரதங்களில் பாலிகோம்ப் என்ற கூட்டம் முக்கியமானது. பழ ஈயில் முதலில் தென்பட்டது. தலை இருக்க வேண்டிய இடத்தில் தலை, கால் இருக்க வேண்டிய இடத்தில் கால் என்று உடம்பின் வரிசையைக் காப்பது அதுதான். ஹைதராபாத்தில் இருக்கும் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தில் ராகேஷ் மிஸ்ராவின் குழு இந்தக் கூட்டம் டி.என்.ஏ.வில் எங்கே வந்து இறங்குகிறது என்பதைப் பல ஆண்டுகள் ஈயிலும் மனிதச் செல்களிலும் தேடியது. அதை விரித்தால் தனிக் கட்டுரை. எனக்கு இன்று அந்த அலுமினியக் குண்டானில் இருக்கும் ரத்தத்துக்குப் போக வேண்டும்.

ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தருவது ஹீமோகுளோபின். நுரையீரலில் ஆக்சிஜனைப் பிடித்து உடம்பெங்கும் இறக்கிவிடும் புரதம். நான்கு சங்கிலிகள் சேர்ந்தது: இரண்டு ஆல்பா, இரண்டு பீட்டா. பெரியவர்களுக்கு இப்படி. வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு பீட்டாவின் இடத்தில் காமா என்ற வேறு சங்கிலி. காரணம் எளிது. குழந்தைக்கு நேரடியாகக் காற்று கிடையாது. தாயின் ரத்தத்திலிருந்து ஆக்சிஜனை இழுத்துக்கொள்ள வேண்டும். தாயின் ஹீமோகுளோபினைவிடக் கெட்டியாக ஆக்சிஜனைப் பற்றும் ஹீமோகுளோபின் இருந்தால்தான் அது நடக்கும். காமா அதற்காக. கருவில் சிவப்பணுக்கள் பெரும்பாலும் ஈரலில்தான் உருவாகின்றன. பிறகு எலும்பு மஜ்ஜைக்கு அந்த வேலை மாறுகிறது. பிறக்கும்போது குழந்தையின் ஹீமோகுளோபினில் பெரும்பங்கு, முக்கால்வாசி அளவுக்கு, கருக்கால வகைதான். ஆறேழு மாதத்தில் அது மளமளவென்று சரிகிறது. பெரியவர்களிடம் பொதுவாக ஒரு சதவீதம்கூட இருப்பதில்லை.

காமா மரபணு எங்கே போனது? எங்கேயும் போகவில்லை. நமது 11ஆவது குரோமோசோமில், பீட்டாவுக்குப் பக்கத்திலேயே, அதே வரிசையில் இருக்கிறது. இதைப் படிக்கும் உங்கள் எலும்பு மஜ்ஜையில், சிவப்பணுவாகப் போகும் ஒவ்வொரு செல்லிலும் இருக்கிறது.

பிறகொரு வகுப்பில் இதைச் சொன்னபோது அதே மாணவன் கேட்டான். "ஒரு தபா மூடிட்டா மறுபடி தொறக்கவே தொறக்காதா சார்?" அவன் வீட்டு ஆட்டிலேயே அதற்கு ஒரு பதில் இருக்கிறது. வெள்ளாட்டுக்கு மூன்று வகை ஹீமோகுளோபின். கருவில் ஒன்று. பிறந்த குட்டிக்கு சில மாதம் இன்னொன்று. வளர்ந்த ஆட்டுக்கு மூன்றாவது. குட்டிக்கால வகையின் மரபணு வளர்ந்த ஆட்டில் அடங்கிவிடும். ஆனால் அந்த ஆட்டுக்கு ரத்தம் நிறைய இழப்பாகி சோகை பிடித்தால், அந்த மரபணு மறுபடி விழித்துக்கொண்டு குட்டிக்கால ஹீமோகுளோபினைச் செய்யத் தொடங்குகிறது. சோகை தீர்ந்ததும் அடங்கிப்போகும். சிடி4 மாதிரிப் பூட்டிய பூட்டும் உண்டு, இப்படித் திறந்து மூடும் கதவும் உண்டு. மனிதரின் காமா இவற்றில் எந்த ரகம் என்பதில்தான் பல்லாயிரம் பேரின் வாழ்க்கை இருக்கிறது.

1952இல் ஹெர்மன் லேமனும் மேரி கட்புஷும் நீலகிரியின் பழங்குடி மக்களின் ரத்தத்தைச் சோதித்து, அதில் அரிவாள் செல் பண்பு இருப்பதை எழுதினார்கள். இந்தியாவில் இது பதிவானது அப்போதுதான். பீட்டா மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கும். ஏ இருக்க வேண்டிய இடத்தில் டி. அதனால் சங்கிலியின் ஆறாவது மணி வேறாகிவிடும். ஆக்சிஜனை இறக்கிவைத்ததும் இந்த ஹீமோகுளோபின்கள் ஒன்றோடொன்று ஒட்டி நீளக் கம்பிகளாகும். வட்டமான சிவப்பணு கதிர் அரிவாள்போல வளையும். வளைந்த செல்கள் மெல்லிய ரத்தக்குழாய்களில் சிக்கிக்கொள்ளும். அந்த வலியை அனுபவித்தவர்கள் எலும்புக்குள் வலிக்கிறது என்றுதான் சொல்வார்கள். தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் மாறிய பிரதி வந்தால்தான் நோய்; ஒன்று மட்டும் வந்தால் மலேரியாவிடமிருந்து ஓரளவு பாதுகாப்பு. மலேரியா மிகுந்த காடுகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மக்களிடம் இது தங்கியதற்கு அதுவே காரணம்.

இந்த நோயோடு பிறக்கும் குழந்தை முதல் சில மாதங்கள் நன்றாக இருக்கும். நியூயார்க்கின் புரூக்ளினில் குழந்தைகள் மருத்துவராக இருந்த ஜேனட் வாட்சன் 1948இல் இதைக் கவனித்தார். பச்சிளம் குழந்தையின் செல்கள் எளிதில் வளைவதில்லை. கருக்கால ஹீமோகுளோபின்தான் காக்கிறது என்றார். காமா சங்கிலி அந்தக் கம்பியில் சேராது. சேர வருவதையும் கெடுத்துவிடும். 1955இல் அதே லேமன், எடிங்டன் என்பவரோடு சேர்ந்து, மேற்கு ஆப்பிரிக்காவில் சிலரைக் கண்டு எழுதினார். அரிவாள் மரபணு இருந்தும் அவர்கள் பெரிய துன்பமில்லாமல் இருந்தார்கள். வளர்ந்தபிறகும் அவர்கள் ரத்தத்தில் கருக்கால ஹீமோகுளோபின் ஏராளம். அவர்களுக்குள் கதவு மூடவே இல்லை.

ஏன் மூடவில்லை? இப்படிப்பட்ட குடும்பங்களின் டி.என்.ஏ.வைப் பல நாடுகளில் படித்தபோது ஒரு விசித்திரம் தெரிந்தது. மாற்றங்கள் காமா மரபணுவுக்குள் இல்லை. மரபணு தொடங்கும் இடத்துக்குச் சுமார் 115 எழுத்து முன்னால் ஒரு கொத்து, சுமார் 200 எழுத்து முன்னால் இன்னொரு கொத்து. வாசற்படியில், கதவுக்கு வெளியே. அங்கே யாரோ உட்கார்ந்து கதவை மூடுகிறார்கள், இவர்களிடம் அந்த இருக்கை உடைந்திருக்கிறது என்று ஊகிக்க முடிந்தது. யார் என்பது பல ஆண்டுகள் தெரியவில்லை.

2007, 2008இல் ஆயிரக்கணக்கானவர்களின் மரபணுத் தொகுதியை ஒப்பிட்ட ஆய்வுகள் பி.சி.எல்.11ஏ என்ற மரபணுவைச் சுட்டின. அதுவரை வெள்ளணுப் புற்றுநோய் படிப்பவர்களுக்கு மட்டும் தெரிந்த பெயர். 2008இலேயே பாஸ்டனில் ஸ்டூவர்ட் ஆர்க்கினின் ஆய்வகத்தில் விஜய் சங்கரன் அதைக் குறைத்துப் பார்த்தார், காமா எழுந்தது. இன்னும் பத்தாண்டு கழித்து, 2018இல், ஆர்க்கின் குழுவும் ஆஸ்திரேலியாவில் மெர்லின் கிராஸ்லியின் குழுவும் இருக்கையையே காட்டிவிட்டன. பி.சி.எல்.11ஏ புரதம் அமரும் இடம் ஆறே எழுத்து: டி, ஜி, ஏ, சி, சி, ஏ. 115ஆவது எழுத்தையொட்டிய கொத்து அதுதான். 200ஆவது எழுத்துப் பக்கம் எல்.ஆர்.எஃப். என்ற வேறொரு புரதம் அமர்கிறது. 300 கோடி எழுத்தில் இந்த ஆறில் ஒன்று மாறினால் ஒரு மனிதரின் ரத்தத்தில் கருக்கால ஹீமோகுளோபின் வாழ்நாள் முழுக்கத் தங்கிவிடலாம்.

அந்த ஆறு எழுத்தின்மேல் என்ன நடக்கிறது என்று இன்னும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். பி.சி.எல்.11ஏ அமர்ந்ததும், நர்டு என்ற கூட்டணியைக் கூப்பிடுகிறது. அதில் அசிட்டைல் குறியைக் கொத்தும் நொதிகளும், உருளைகளை நகர்த்தும் இயந்திரமும் இருக்கின்றன. இது ஒரு வேலை. இன்னொன்றை 2021இல் ஆர்க்கின் குழு கண்டது. ஆறு எழுத்துக்குப் பக்கத்திலேயே, கதவைத் திறக்கும் ஒரு புரதத்தின் இருக்கை இருக்கிறது, என்.எஃப்.ஒய். என்று அதற்குப் பெயர். கூட்டமான டவுன் பஸ்ஸில் இருவர் சீட்டில் பருமனான ஒருவர் முதலில் உட்கார்ந்துவிட்டால் இன்னொருவருக்கு இடம் ஏது? அதேபோல பி.சி.எல்.11ஏ அமர்ந்துவிட்டால் என்.எஃப்.ஒய். அமர முடிவதில்லை. கருவில் பி.சி.எல்.11ஏ குறைவு, என்.எஃப்.ஒய். அமர்கிறது, காமா ஓடுகிறது. பிறந்தபிறகு தலைகீழ். தொலைவில் இருக்கும் வலுவான தூண்டு பகுதி டி.என்.ஏ.வை வளைத்துக்கொண்டு இப்போது பீட்டாவைப் போய்த் தொடுகிறது. ராஜகிரிப் பாலத்தை ஒரு கதவிலிருந்து எடுத்து இன்னொரு கதவுக்குப் போட்டதுபோல.

அப்படியானால் பி.சி.எல்.11ஏவையே ஒழித்துவிட்டால்? முடியாது. மூளை வளரவும், நோய் எதிர்ப்புச் செல்கள் உருவாகவும் அது வேண்டும். இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த திருப்பம் வருகிறது. பி.சி.எல்.11ஏ மரபணுவுக்கும் ஒரு என்ஹான்சர் உண்டு; சிவப்பணு வரிசையில் மட்டும் அதைத் தூண்டும் பகுதி. 2013இல் டேனியல் பாவர் முதலானோர் அதைக் கண்டார்கள். அந்தத் தூண்டுகோலை மட்டும் உடைத்தால், மூளையில் பி.சி.எல்.11ஏ அப்படியே இருக்கும், ரத்தத்தில் மட்டும் குறையும், காமா எழும். காஸ்கெவி என்ற சிகிச்சை இதைத்தான் செய்கிறது. நோயாளியின் ரத்த மூலச்செல்களை வெளியே எடுத்து, கிரிஸ்பர் என்ற மரபணுக் கத்தரியால் அந்த இடத்தில் வெட்டி, கடும் மருந்தால் மஜ்ஜையைக் காலி செய்துவிட்டுத் திரும்பச் செலுத்துகிறார்கள். 2023 நவம்பரில் பிரிட்டனும் டிசம்பரில் அமெரிக்காவும் அனுமதித்தன. அமெரிக்க அனுமதிக்கு ஆதாரமான சோதனையில், போதிய காலம் தொடர்ந்து கவனிக்கப்பட்ட 31 பேரில் 29 பேருக்கு ஓராண்டாவது கடும் வலித்தாக்கம் வரவில்லை. அங்கே 2023இல் அதற்கு அறிவித்த விலை 22 லட்சம் டாலர். அன்றைய நம் பணத்தில் சுமார் 18 கோடி ரூபாய்.

நீலகிரியில் கூடலூரின் பணியர் பழங்குடிக் குடியிருப்பிலிருந்து பார்த்தால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. அவர்களுக்கு இப்போது கைக்கெட்டுவது ஹைட்ராக்சியூரியா மாத்திரை. அதுவும் கருக்கால ஹீமோகுளோபினைக் கூட்டுகிறது. தொடர்ந்து சாப்பிட்டு, ரத்தப் பரிசோதனையும் செய்துகொண்டால் பலருக்கு வலி குறைகிறது. கூடலூர் ஆதிவாசி மருத்துவமனையை நடத்தும் அஸ்வினி அமைப்பு இந்த நோயாளிகளைப் பல ஆண்டுகளாகக் கவனித்துவருகிறது. இந்தியப் பழங்குடிகளிடம் காணப்படும் அரிவாள் மரபணுவோடு சேர்ந்தே, காமாவின் வாசற்படியில் 158ஆவது இடத்தில் ஓர் எழுத்து மாற்றமும் பெரும்பாலும் வருகிறது. அதனோடு அவர்களின் கருக்கால ஹீமோகுளோபின் ஆப்பிரிக்க நோயாளிகள் பலரைவிடக் கூடுதல். கதவு சற்றே ஒருக்களித்திருக்கிறது. இந்தியாவில் இந்த நோய் லேசானது என்று சிலர் இதை வைத்துச் சொல்லிவிடுகிறார்கள். ஒருக்களித்த கதவு எல்லோருக்கும் போதுவதில்லை; வலியில் துடிக்கிற பிள்ளைகள் இங்கேயும் இருக்கிறார்கள்.

செஞ்சிக் கோட்டையின் வடக்கு வாசலுக்கு ஆற்காட்டு வாசல், வேலூர் வாசல் என்று இரண்டு பெயர். அந்த வழியே சேத்துப்பட்டு, ஆரணி தாண்டிப் போனால் வேலூர். அங்கே சி.எம்.சி. வளாகத்தில் மூலச்செல் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. நோயாளியின் மூலச்செல்லை எடுத்து, திருத்தி, திரும்பச் செலுத்தும் கலை அங்கே இருப்பவர்களுக்குக் கைவந்திருக்கிறது. ரத்தம் உறையாத ஹீமோபிலியா ஏ நோய்க்கு ஐந்து பேருக்கு இப்படி மரபணு சிகிச்சை செய்ததை 2024இல் உலகுக்கு அறிவித்தார்கள். அதே மையத்தில் மோகன்குமாரின் குழு காமாவின் வாசற்படியை எழுத்தெழுத்தாகத் தடவிப் பார்த்தது. கத்தரிபோல டி.என்.ஏ.வின் இரண்டு இழையையும் வெட்டாமல், ஓர் எழுத்தை மட்டும் அழித்து வேறு எழுத்து எழுதும் முறை ஒன்று உண்டு. அதை வைத்து வாசற்படியில் இடம் இடமாக மாற்றி, எங்கே மாற்றினால் காமா எழுகிறது என்று தேடினார்கள். 2022இல் வெளியிட்டார்கள். 123, 124ஆவது இடங்களில் டி என்பதை சி என்று மாற்றினால் காமா எழுகிறது. அடக்குகிறவரின் இருக்கையை அது உடைக்கவில்லை, தூண்டும் கே.எல்.எஃப்.1 என்ற புரதத்துக்கு அங்கே ஒரு புதிய இருக்கை உருவாகிவிடுகிறது. இதெல்லாம் ஆய்வகத்தில் வளர்த்த செல்களில். மனிதருக்குள் போக நெடுந்தூரம் இருக்கிறது. ஆனால் 18 கோடி விலை வைத்த சிகிச்சையை இங்கேயே செய்ய முடியுமா என்ற கேள்வி, எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் கேட்கப்பட்டுக்கொண்டிருக்கிறது.

2023 ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் அரிவாள் செல் ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கினார்கள். 2047 வரை நீளும் திட்டம். ஊர் ஊராக விரல் நுனியில் ரத்தம் எடுத்துச் சோதிக்கிறார்கள். முகாம்களில் வழக்கமாகப் பயன்படும் கரைதிறன் சோதனையில், ஒரு குழாயில் ரத்தத் துளியை விட்டுக் கலங்குகிறதா என்று பார்ப்பார்கள். கலங்கினால் அரிவாள் ஹீமோகுளோபின் இருக்கிறது. ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு இந்தச் சோதனையை நம்பக்கூடாது. நோய் இருந்தும் குழாய் கலங்காமல் போகலாம். அந்தக் குழந்தையின் ரத்தம் இன்னும் பெரும்பாலும் காமா. அதற்கு ஹீமோகுளோபின் வகைகளைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் எச்.பி.எல்.சி. இயந்திரம் வேண்டும். குதிகாலில் குத்தி எடுக்கும் ஒரு சொட்டு போதும். சீக்கிரம் தெரிந்துவிட்டால், உயிரைக் குடிக்கும் தொற்றுகளைத் தடுக்க மூன்றாம் மாதத்திற்குள் பென்சிலின் தொடங்கலாம்.

நீலகிரியில் எங்கோ ஒரு தாயின் மடியில் அப்படி ஒரு குழந்தை இப்போது இரண்டு மாதக் குழந்தையாகப் பால் குடித்துக்கொண்டிருக்கும். காய்ச்சல் இல்லை, வலி இல்லை, கை கால் வீக்கம் இல்லை. அதன் மஜ்ஜைக்குள், ஒவ்வொரு செல்லிலும், டி-ஜி-ஏ-சி-சி-ஏ என்ற ஆறு எழுத்தின்மேல் ஒரு புரதம் வந்து அமரத் தொடங்கியிருக்கும்.